லைட் எரியுது, ஆனா மவுஸை கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குது: போர்டு போச்சா, மவுஸ் போச்சா?

பாளை_டிடிபி

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில சின்னதா டிடிபி, ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். டெஸ்க்டாப், விண்டோஸ் 10. சாதாரண கம்பி மவுஸ். இன்னைக்கு காலையில ஆன் பண்ணினதுல இருந்து திரையில அம்பு நகரவே இல்ல.

மவுஸுக்கு அடியில சிவப்பு லைட் நல்லா எரியுது. கழட்டி மாட்டினா 'டிங்'னு சத்தமும் வருது. உடனே வலது மூலையில "யுஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு"னு ஒரு செய்தி. முன் பக்க போர்ட், பின் பக்க போர்ட் ரெண்டுலயும் இதே கதைதான். பென்டிரைவ் போட்டா அழகா எடுக்குது. கீபோர்டு பழைய வட்டப் பின் வச்சது, அது ஓடுது.

வழக்கமா பாக்குற சர்வீஸ் கடைக்கு போன் போட்டேன். "மதர்போர்டுல யுஎஸ்பி சிப் போயிருக்கும், போர்டு மாத்தணும்"னு சொல்லிட்டாங்க. காலேஜ் அட்மிஷன் நேரம், விண்ணப்பம் அடிக்க பிள்ளைங்க வரிசையில நிக்குதுங்க. ஃபார்மேட் போட்டுப் பாக்கலாமா, இல்ல நேரா போர்டு மாத்தணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சிஸ்டம்_ராஜா

டிரைவர் (கருவியை விண்டோஸோட பேச வைக்கிற மென்பொருள்) கரப்ட் ஆகியிருக்கும் நண்பா. நெட்டுல டிரைவர் அப்டேட்டர் சாஃப்ட்வேர் நிறைய இருக்கு. ஒண்ணு இறக்கி ஓட்டுங்க, எல்லா டிரைவரையும் அதுவே புதுசா போட்டுரும்.

கோவை_சர்வீஸ்

தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. ஃபார்மேட்டும் வேண்டாம். மவுஸுக்கான டிரைவர் விண்டோஸோட கூடவே வருதுங்க. கம்பி மவுஸுக்கு வெளியில இருந்து எதையும் இறக்க வேண்டிய தேவை இல்ல. அந்த அப்டேட்டர்கள்ல பல, கேக்காத விளம்பரத்தையும் சேர்த்து உள்ள இறக்கிட்டுப் போகும். கடை மெஷின், வாடிக்கையாளரோட ஆதார் நகலெல்லாம் அதுல இருக்கும், அதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

பாளை நண்பருக்கு: நீங்க எழுதினதுலயே பாதி பதில் இருக்குங்க. பென்டிரைவ் எடுக்குதுன்னா யுஎஸ்பி கன்ட்ரோலர், அதாவது யுஎஸ்பியைக் கவனிக்கிற சிப், உயிரோட இருக்கு. போர்டு மாத்துற பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வைங்க.

லைட் எரியுறதை வச்சு மவுஸ் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணக் கூடாது. மவுஸ் வயருக்குள்ள நாலு இழை இருக்கும். சிவப்புல 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். வெள்ளையும் பச்சையும் தகவல் போற கம்பி, டி மைனஸ், டி பிளஸ். லைட் எரிய சிவப்பும் கறுப்பும் போதும். மத்த ரெண்டும் அறுந்து கெடந்தாலும் லைட் எரியும். இன்னொரு பக்கம், சில மவுஸ் கம்ப்யூட்டர் அடையாளம் கண்ட பிறகுதான் லைட்டையே போடும். அதனால லைட் எரியலைங்கிறதால மின்சாரம் போகலைன்னும் சொல்ல முடியாது.

இப்ப ரெண்டு வேலை பண்ணுங்க. இந்த மவுஸை வேற கம்ப்யூட்டர்ல போடுங்க. வேற மவுஸை உங்க கம்ப்யூட்டர்ல போடுங்க. ரெண்டையும் செய்யணும், ஒண்ணை மட்டும் செஞ்சா பத்தாது.

கூடவே டிவைஸ் மேனேஜர்ல (மாட்டியிருக்குற கருவிகளை விண்டோஸ் பட்டியல் போட்டுக் காட்டுற இடம்) என்ன கோடு, அதாவது பிழை எண், வருதுன்னு பாருங்க. மவுஸ் இல்லாமலே போகலாம்: விண்டோஸ் கீயும் எக்ஸும் சேர்த்து அமுக்கி, அடுத்து எம். டேப் கீ அடிச்சா பட்டியலுக்குள்ள போகும். அம்புக் கீயில இறங்கி, வலது அம்புல விரிச்சு, எண்டர் அடிங்க. பெட்டிக்குள்ள நிலைமையும் கோடும் எழுதியிருக்கும். அவசரமா வேலை ஓடணும்னா இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் மூணையும் சேர்த்து அமுக்கி எண்டர் கொடுங்க. வலது பக்க எண் கீகளே அம்பை நகர்த்தும், 5 அடிச்சா கிளிக்.

வேலூர்_விண்டோஸ்

கோவை சொல்றது சரி. ஆனா அதுக்கு முன்னாடி காசு செலவில்லாத ஒண்ணு இருக்கு. விண்டோஸ் 8ல இருந்து "ஷட் டவுன்" கொடுத்தா மெஷின் முழுசா மூடுறதில்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா கெர்னல் (விண்டோஸோட மையப் பகுதி) நிலையை டிஸ்க்ல எழுதி வச்சு, மறுநாள் அதையே எடுத்துக்கும். முந்தின நாள் குழம்பின யுஎஸ்பி நிலை மறுநாளும் அப்படியே வரலாம். ரீஸ்டார்ட் கொடுங்க, இல்லன்னா ஷிஃப்டை அமுக்கிக்கிட்டே ஷட் டவுன் கொடுங்க. பிறகு மின் பிளக்கைக் கழட்டி, யுஎஸ்பியில இருக்குற எல்லாத்தையும் உருவிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடிங்க. உள்ள தங்கின மின்சாரம் வடிஞ்சிரும். இப்படியே நிறைய மெஷின் சரியாகி நான் பாத்திருக்கேன்.

பாளை_டிடிபி

வேலூர் அண்ணன் சொன்ன மாதிரி பவரை வடிச்சேன். மாட்டினதும் மவுஸ் ஓடிருச்சு! ரொம்ப நன்றிண்ணே. மத்தியானம் வரைக்கும் எந்தத் தொல்லையும் இல்ல.

பாளை_டிடிபி

மறுபடியும் வந்துட்டேன். சாயங்காலம் திரும்பவும் போச்சு. அதே செய்தி. திரும்பவும் பவரை வடிச்சேன், இந்த தடவை எடுக்கல.

கோவை அண்ணாச்சி கேட்டதையும் பாத்துட்டேன். பட்டியல்ல "அன்நோன் யுஎஸ்பி டிவைஸ், டிவைஸ் டிஸ்க்ரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு"னு இருக்கு, கோடு 43. பக்கத்து மொபைல் கடைத் தம்பிகிட்ட ஒரு மவுஸ் வாங்கி என் மெஷின்ல போட்டேன், உடனே ஓடுது. இந்த மவுஸை அவன் லேப்டாப்ல போட்டா அங்கயும் நல்லா ஓடுது! ரெண்டும் நல்லா இருக்கு, ரெண்டும் சேர்ந்தா மட்டும் ஓடல. இதை என்னன்னு எடுத்துக்கிறது?

சிஸ்டம்_ராஜா

மவுஸ் வேற லேப்டாப்ல ஓடுதுன்னா மவுஸ் ஓகேதானே. அப்ப விண்டோஸ்ல தான் கோளாறு. டிவைஸ் மேனேஜர்ல யுஎஸ்பி ரூட் ஹப் (யுஎஸ்பி போர்ட்டுகளுக்கான பதிவு) எல்லாத்தையும் அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் கொடுங்க. இது உள்ளயே இருக்குற வழி, எதையும் இறக்க வேண்டாம்.

கோவை_சர்வீஸ்

ராஜா, இது நல்ல யோசனை, ரீஸ்டார்ட் ஆனதும் ஹப்பெல்லாம் தானா திரும்ப வந்துரும். படிக்கிற மத்தவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: கீபோர்டும் யுஎஸ்பியா இருந்தா ஹப்பை எடுத்த நிமிஷமே கீபோர்டும் செத்துரும், பவர் பட்டனைத்தான் நம்பணும். பாளைக்கு வட்டப் பின் கீபோர்டு, அதனால பயமில்ல. ஆனா வட்டப் பின்னை ஓடிட்டு இருக்கும்போது கழட்டி மாட்டக் கூடாது, அது அதுக்காகச் செஞ்ச இணைப்பு இல்ல.

பாளை, எனக்கு ஒண்ணு தெரியணும். உங்க மேசையில மவுஸ் வயர் எப்படிப் போகுது? லேப்டாப்ல போட்டப்ப எப்படி இருந்தது?

பாளை_டிடிபி

என் மேசையில கேபினெட் கீழ இருக்கு. வயர் மானிட்டர் ஸ்டாண்டைச் சுத்தி, ஓரத்துல மடிஞ்சு மேல வருது. மவுஸ் கிட்டயே ஒரு வளைவு. லேப்டாப்ல நேரா நீட்டிப் போட்டிருந்தோம்.

கோவை_சர்வீஸ்

அப்ப திரும்ப லேப்டாப்புக்குப் போங்க. மவுஸ் ஓடிட்டு இருக்கும்போது, வயர் மவுஸுக்குள்ள நுழையுற கழுத்துல பிடிச்சு மெதுவா மேல, கீழ, ரெண்டு பக்கமும் வளைங்க. அடுத்து பிளக் பக்கக் கழுத்துலயும் அதே மாதிரி. வேற கம்ப்யூட்டர்ல ஓடுச்சுங்கிறது, அந்த நேரத்துல அந்த வளைவுல ஓடுச்சுங்கிறதுக்கு மட்டும்தான் சாட்சி. பவர் வடிச்சதும் ஓடினதுக்கும் எனக்கு இதே சந்தேகம்தான். எல்லாத்தையும் உருவி மறுபடி மாட்டினீங்க இல்ல, அப்ப வயர் வேற மாதிரி படுத்திருக்கும்.

லினக்ஸ்_வாசி

விண்டோஸா, வயரான்னு சந்தேகமே இல்லாம பிரிக்க என்கிட்ட ஒரு வழி இருக்கு. பென்டிரைவ்ல உபுண்டு லைவ் (பென்டிரைவ்ல இருந்தே ஓடுற லினக்ஸ்) போட்டு பூட் பண்ணுங்க. எதையும் நிறுவ வேண்டாம், டிஸ்க்கைத் தொடவே தொடாது. டெர்மினலைத் திறந்து, சூடோ சேர்த்து டி-எம்-இ-எஸ்-ஜி கட்டளையை, டபிள்யூ-னு ஒரு ஆப்ஷனோட கொடுங்க. கெர்னல் என்ன பாக்குதுன்னு அப்படியே வரி வரியா ஓடும். அதைப் பாத்துக்கிட்டே மவுஸைச் செருகுங்க. அங்கயும் தடுமாறினா விண்டோஸ் மேல பழி இல்ல. வர்ற வரிகளை இங்க போடுங்க.

யாழ்_வலை

அண்ணையாக்கள், குறுக்கே வாறதுக்கு மன்னிக்கோணும். என்ர பிரச்சினையும் மவுஸ்தான், ஆனா வயர்லெஸ். சின்ன ரிசீவர் லாப்டொப்பில குத்தியிருக்கு. சும்மா இருக்கேக்க நல்லா வேலை செய்யுது. பக்கத்துப் போட்டில வெளி ஹார்ட் டிஸ்க்கைக் குத்திக் கொப்பி பண்ணத் தொடங்கினா மவுஸ் இழுபட்டு இழுபட்டு நகருது, பிறகு நிண்டுடும். பற்றரி புதுசு. கொப்பி முடிஞ்சா தானா வந்துடும்.

லினக்ஸ்_வாசி

யாழ், இது பலருக்குத் தெரியாத, ஆனா நல்லா பதிவான விஷயம். யுஎஸ்பி 3.0 நொடிக்கு 5 ஜிகாபிட் வேகத்துல ஓடும்போது வர்ற மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில விழுது. உங்க ரிசீவரும் அதே 2.4லதான் பேசுது. இன்டெல் நிறுவனமே 2012ல இதைப் பத்தி ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டிருக்கு. மவுஸ்லயோ லேப்டாப்லயோ குறை இல்ல. ரிசீவரை லேப்டாப்போட எதிர்ப் பக்க போர்ட்டுக்கு மாத்துங்க. இல்லன்னா ஒரு சின்ன யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர்ல போட்டு ஹார்ட் டிஸ்க்கை விட்டுத் தள்ளி, மவுஸுக்குப் பக்கத்துல வைங்க.

மதுரை_மாணவி

ரிசீவர் பத்தி பேச்சு வந்ததால கேக்குறேன். ஹாஸ்டல்ல ரிசீவர் தொலைஞ்சு போச்சு. மவுஸ் மட்டும் இருக்கு. வேற ரிசீவர் போட்டா எடுக்குமா?

கோவை_சர்வீஸ்

மவுஸைப் பொறுத்துதாங்க. லாஜிடெக்கோட யூனிஃபையிங் வகைன்னா அடியில ஆரஞ்சு நிறத்துல ஒரு குறி இருக்கும். அதுக்குத் தனியா ரிசீவர் வாங்கி, அவங்க மென்பொருள்ல சேர்த்துக்கலாம். ஒரே ரிசீவர் 6 சாதனம் வரைக்கும் தாங்கும். அவங்களோட புது போல்ட் வகை ரிசீவர் இதோட சேராது, கடையில மாத்திக் கொடுத்துடப் போறாங்க, பாத்து வாங்குங்க. சாதாரண மலிவு மவுஸுக்கு பெட்டியில வந்த ரிசீவர் மட்டும்தான், தொலைஞ்சா பெரும்பாலும் வழி இல்ல. முதல்ல மவுஸோட பேட்டரி மூடியைத் திறந்து பாத்தீங்களா? நிறைய மவுஸ்ல ரிசீவர் வைக்க அங்கயே ஒரு குழி இருக்கும்.

பாளை_டிடிபி

ரெண்டையும் செஞ்சுட்டேன். லேப்டாப்ல மவுஸ் கழுத்தை லேசா இடது பக்கம் வளைச்சதும் அம்பு நின்னுருச்சு. நேராக்கினா வருது. பிளக் பக்கம் எப்படி வளைச்சாலும் ஒண்ணும் ஆகல. லைட் மட்டும் ரெண்டு நேரத்துலயும் எரியுது.

உபுண்டுலயும் பாத்தேன். என் மேசையில வழக்கமான வளைவோட செருகினா வர்றது இது:
"நியூ லோ-ஸ்பீட் யுஎஸ்பி டிவைஸ்"
"டிவைஸ் டிஸ்க்ரிப்டர் ரீட்/64, எரர் -71"
இதே வரி சில தடவை வந்து, கடைசியில "அன்ஏபிள் டு எனுமரேட் யுஎஸ்பி டிவைஸ்"னு முடியுது.

லினக்ஸ்_வாசி

டிஸ்க்ரிப்டர்னா மவுஸ் தான் யாருன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற தகவல். -71னா அதைக் கேட்ட பேச்சு நடந்த விதத்துலயே தப்பு, வந்த பதில் சிதைஞ்சிருக்குன்னு அர்த்தம். வயர் கோளாறுல வழக்கமா வர்ற எண்தான்.

கோவை_சர்வீஸ்

பாளை, ரொம்ப அருமையா வேலை செஞ்சிருக்கீங்க. இப்ப எந்தக் கம்பி அறுந்திருக்குன்னு மவுஸைத் திறக்காமலே என்னால சொல்ல முடியும்னு நினைக்கிறேன். பச்சை.

எப்படின்னு சொல்றேன், இது தெரிஞ்சா அடுத்த தடவை உங்களுக்கே புரியும். கம்ப்யூட்டர் போர்ட்ல ரெண்டு தகவல் கம்பியும் 15 கிலோ ஓம் மின்தடை வழியா கிரவுண்டுக்கு இழுபட்டு, வோல்டேஜ் இல்லாம இருக்கும். மவுஸைச் செருகினதும் அதுல ஒரு கம்பியை மவுஸ் 1.5 கிலோ ஓம் வழியா மேல தூக்கும். கம்பி உயர்ந்ததைப் பாத்துத்தான் "யாரோ வந்திருக்காங்க"ன்னு கம்ப்யூட்டர் தெரிஞ்சுக்குது. எந்தக் கம்பி உயருதுங்கிறதுதான் வேகத்தையும் சொல்லுது. டி மைனஸ் உயர்ந்தா லோ ஸ்பீட், நொடிக்கு 1.5 மெகாபிட். டி பிளஸ் உயர்ந்தா ஃபுல் ஸ்பீட், 12 மெகாபிட். உங்களுக்கு "லோ-ஸ்பீட்"னு வரி வந்திருக்கு. அப்ப டி மைனஸ், அதாவது வெள்ளை, முழுசா இருக்கு. அது அறுந்திருந்தா 'டிங்' சத்தமோ, கோடு 43ஓ, எந்தச் செய்தியுமோ வந்திருக்காது. வந்தது தெரியுது, பேசினா பதில் சரியா இல்ல. மின்சாரக் கம்பி ரெண்டும் இருக்கறதாலதான் லைட் எரியுது. மிச்சம் இருக்கறது பச்சைதான்.

விலை கூடின கேமிங் மவுஸ்ல பல ஃபுல் ஸ்பீட். அதுல இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாப் போகும்.

சிஸ்டம்_ராஜா

இது நான் கேள்விப்படாதது. சத்தம் வர்றதையும் வராததையும் வச்சு வயரைச் சொல்றீங்க. சரியா வந்தா நானும் இனி இப்படித்தான் பாப்பேன்.

வேலூர்_விண்டோஸ்

கண்டுபிடிச்சாச்சு, நல்லது. ஆனா பச்சையோ வெள்ளையோ, 300, 400 ரூபாய்க்குப் புது கம்பி மவுஸ் கிடைக்குதே. அட்மிஷன் நேரத்துல கடைக்காரர் மல்டிமீட்டரைப் பிடிச்சுக்கிட்டு உக்காரணுமா?

ஈயப்பற்று

இன்னைக்கே புதுசு ஒண்ணு வாங்கி வேலையை ஓட்டட்டும், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா பழசை குப்பையில போட வேண்டாம்னு கேட்டுக்கிறேன். உள்ள இருக்குற சென்சார், பட்டன், சிப் எல்லாம் உயிரோட இருக்கு. போனது கழுத்துல ஒரு முடி மாதிரி இழை. அதுக்காக மொத்தத்தையும் எறியறதை எப்பவுமே என்னால ஏத்துக்க முடிஞ்சதில்ல. கடை பூட்டின பிறகு பொறுமையா செய்யுங்க, வழி சொல்றேன்.

கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டிட்டு வேலையை ஆரம்பிங்க. ஸ்க்ரூ வெளியில தெரியலன்னா அடியில இருக்குற ஸ்டிக்கருக்கோ வழுக்குப் பட்டைக்கோ கீழ ஒளிஞ்சிருக்கும், விரலால அமுக்கிப் பாத்தா குழி தட்டுப்படும். மேல் மூடியைத் தூக்கினா வயர் ஒரு சின்ன வெள்ளை கனெக்டர்ல போர்டுக்குப் போறது தெரியும். பிளக்ல நாலு தகடு இருக்கும். ஓரத்துல இருக்குற ரெண்டும் மின்சாரம், நடுவுல ரெண்டும் தகவல். ஓரத் தகடுங்க கொஞ்சம் நீளமா இருக்கறதைக் கவனிங்க, செருகும்போது முதல்ல மின்சாரம் சேரணும்னு அப்படி வச்சிருக்காங்க. மல்டிமீட்டரை பீப் சத்தத்துல வச்சு, ஒரு முனையை பிளக் தகட்டுலயும் இன்னொண்ணை உள்ள கனெக்டர்லயும் வைங்க. கழுத்தை வளைங்க. எந்தக் கம்பியில பீப் விட்டு விட்டு வருதோ அதுதான்.

நிறத்தை மட்டும் நம்பாதீங்க. மலிவு மவுஸ்ல நீலம், மஞ்சள்னு எதையாவது போட்டிருப்பாங்க. எந்த நிறம் பிளக்கோட எந்தத் தகட்டுக்குப் போகுதுன்னு மீட்டர்ல பாத்து, ஒரு தாள்ல எழுதி வைங்க. சிவப்பும் கறுப்பும் மாறிட்டா சிப் போயிரும், அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது.

அடுத்து வெட்டணும். அடிபட்ட கழுத்தை விட்டு ஒரு மூணு விரல் தள்ளி வெட்டுங்க. உள் கனெக்டர்ல இருந்து ஒரு விரல் நீளம் மிச்சம் விட்டு அங்கயும் வெட்டி, நடுவுல இருக்குற கெட்ட துண்டை எடுத்துடுங்க. நாலு இழையையும் ஒரே இடத்துல ஒட்டாம, ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் தள்ளி வர்ற மாதிரி நீளம் வைங்க, அப்பதான் பற்று ஒண்ணோட ஒண்ணு உரசாது. ஸ்லீவை (பற்று மேல மூடுற சின்னக் குழாய் உறை) முதல்லயே கோத்துக்கிட்டு, பிறகு ஈயம் வைங்க. சில வயர்ல செம்பு மேல மெல்லிய பூச்சு இருக்கும், ஈயம் ஒட்டாம உருண்டு போகும். பிளேடால லேசாச் சுரண்டி, அயர்ன் நுனியில கொஞ்ச நேரம் வச்சா பூச்சு கருகிப் போய் ஈயம் பிடிக்கும். நூல் இழை இருந்தா வெட்டிருங்க, அது வயரோட பலத்துக்கு வச்சது.

மூடுறதுக்கு முன்னாடி ரொம்ப முக்கியமான ஒண்ணு. வயரை இழுத்தா அந்த இழுப்பு ஈயப் பற்றுக்குப் போகக் கூடாது. வயர் உள்ள நுழைஞ்சதும் ஒரு சின்ன ஜிப் டையை இறுக்கிக் கட்டி, அது மூடியோட உள் சுவர்ல போய் முட்டுற மாதிரி வைங்க. இதைச் செய்யாம விட்டா அதே கழுத்துல திரும்ப அறும்.

கடைசியா, கம்ப்யூட்டர்ல செருகுறதுக்கு முன்னாடி ஓரத் தகடு ரெண்டுக்கும் நடுவுல மீட்டர் வச்சுப் பாருங்க. தொடர்ந்து பீப் அடிச்சா ஷார்ட். அப்படியே செருகாதீங்க.

பாளை_டிடிபி

புது மவுஸ் வாங்கிட்டேன், கடை ஓடுது. ராத்திரி பழசைத் திறந்து மீட்டர் வச்சேன். கோவை அண்ணாச்சி, பச்சையேதான்! கழுத்தை வளைச்சா மத்த மூணும் பீப் அடிச்சுக்கிட்டே இருக்கு, பச்சை மட்டும் நின்னு போகுது. வெட்டிப் பாத்தா உறை நல்லா இருக்கு, உள்ள செம்பு மட்டும் அறுந்திருக்கு. வெளியில இருந்து பாத்தா சத்தியமா தெரியாது.

ஈயப்பற்று அண்ணன் சொன்ன மாதிரியே ஒட்டினேன், ஜிப் டையும் போட்டாச்சு. எப்படி வளைச்சாலும் அம்பு நிக்கல. இப்ப ஜெராக்ஸ் பக்கம் இருக்குற மெஷினுக்கு இதைக் கொடுத்துட்டேன். போர்டு மாத்தியிருந்தா ஆயிரக்கணக்குல போயிருக்கும். உங்க எல்லாருக்கும் மனசார நன்றி.

சிஸ்டம்_ராஜா

பச்சைன்னு முன்னாடியே சொன்னாரு, அப்படியே வந்திருக்கு. கோவை அண்ணனுக்கு ஒரு கேள்வி. என் மெஷின்லயும் கோடு 43 வருது, ஆனா எந்த மவுஸ் போட்டாலும் வருது. முன் பக்கம் இருக்குற ரெண்டு போர்ட்லயும். அப்ப எங்க பாக்கணும்?

கோவை_சர்வீஸ்

எல்லா மவுஸும் ஒரே இடத்துல போகுதுன்னா மவுஸை விட்டுருங்க, இடத்தைப் பாருங்க. பின் பக்க போர்ட் நேரா மதர்போர்டுல ஈயம் வச்சது. முன் பக்கம் ஒரு வயர் வழியா போர்டுல இருக்குற 9 பின் கனெக்டருக்குப் போகும். பின்னாடி போட்டுப் பாருங்க. அங்க ஓடினா, மின்சாரத்தை அணைச்சு, கேபினெட்டைத் திறந்து அந்த வயர் சரியா உக்காந்திருக்கா, பின் எதுவும் வளைஞ்சிருக்கான்னு பாருங்க. போர்ட்டுக்குள்ள டார்ச் அடிச்சும் பாருங்க. உள் தகடு வளைஞ்சு வெளிக் கூட்டைத் தொட்டுக்கிட்டு இருந்தா, அதுல எதையும் செருகாதீங்க.

யாழ்_வலை

லினக்ஸ் அண்ணை, எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ரிசீவரை மவுஸுக்குப் பக்கத்தில வச்சனான். ஹார்ட் டிஸ்க் கொப்பி ஓடேக்கயும் மவுஸ் நிக்கேல்ல. நன்றி.

சிஸ்டம்_ராஜா

பின்னாடி எல்லா மவுஸும் ஓடுது. கேபினெட்டைத் திறந்தேன், முன் பக்க வயர் ஒரு பக்கம் பாதி மேல வந்திருந்தது. அழுத்தி உக்கார வச்சதும் ரெண்டு போர்ட்டும் எடுக்குது.